கலர்ல இருக்காம், கொண்டுவந்துட்டான்!

மூன்று நாளாக வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். கச்சான் காற்று பேயாக அடிக்கிறது, கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கவில்லை, பாம்பனில் போட்டெல்லாம் கயிற்றில் ஆடிக்கொண்டு நிற்கிறது. எப்படியும் எல்லாரும் வீட்டில்தான் கிடப்பார்கள், சனிக்கிழமை ராத்திரி 'சைக்கோ' பார்க்கிறோம் என்று. தமிழில் வந்த 'சைக்கோ' இல்லை, 1960-ல் ஹிட்ச்காக் என்கிற இயக்குநர் ஆங்கிலத்தில் எடுத்தது. படம் ஆரம்பித்த பிறகு ஒருத்தரையும் தியேட்டருக்குள் விடக்கூடாது என்று அந்த மனுசன் கறாராக நின்ற படம். நானும் அதே கறாரில், ஒன்பது மணிக்கு மேல் கதவு திறக்காது என்று அப்பத்தாவிடமே சொன்னேன். கதவு அப்பத்தாவுடையது. வீடும் அப்பத்தாவுடையது. அது வேறு விஷயம்.

படம் கொண்டுவரும் பொறுப்பு அத்தை மகன் மச்சானுக்கு. அவன் ஹார்ட் டிஸ்கில் இல்லாத பேய் கிடையாது. ஒன்பதரைக்கு வந்தான், கையில் முறுக்குப் பொட்டலத்தோடு. கதவைத் திறந்தது அப்பத்தாதான்.

விளக்கை அணைத்தாச்சு. பெயர் போடும்போது கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தன. பச்சையாக. கருப்பு வெள்ளைப் படத்தில் ஏதய்யா பச்சை?

"மச்சான், நிறுத்து. இது எந்த வருசத்துப் படம்?"

"தொண்ணூத்தெட்டு."

"நான் கேட்டது?"

"அதே கதைதான் மாப்ள. அதே வசனம், அதே ஷாட்டு. அது கருப்பு வெள்ளை, யாரு உக்காந்து பாப்பா? இது கலரு."

என்னை எரிய வைத்ததே அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான். 1998-ல் கஸ் வான் சான்ட் என்கிற இயக்குநர் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே எடுத்தார். பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதுகிறவன் அடித்தல் திருத்தலையும் சேர்த்து எழுதியது மாதிரி. மாற்றியதில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது கதாநாயகி திருடும் பணம்: 40,000 டாலர் 4,00,000 ஆகிவிட்டது. விலைவாசி தெரிந்த மனுசன்!

அவளைக் குத்திக் கொல்லும் குளியலறைக் காட்சி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், பயத்தில் இல்லை. மச்சான் தொடையைத் தட்டுகிறான்: "பாரு மாப்ள, ரத்தம் எப்பிடி செகப்பா இருக்கு!" அடேய், அந்தச் சிவப்பு தெரியக்கூடாது என்றுதானடா ஹிட்ச்காக் கருப்பு வெள்ளையில் எடுத்தார்! அந்தப் படத்தில் ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். ஒரு நிமிசம்கூட வராத கொலைக்கு ஒரு வாரம் ஷூட்டிங். கத்தி உடம்பில் இறங்குவதை நாமாக நினைத்துக்கொள்வோம், வயலின் கத்துவதில் பாதி உயிர் போய்விடும். இதையெல்லாம் நான் கத்திக் கத்திச் சொன்னேன். "சத்தம் போடாதடா, படம் பாக்குறோம்ல" என்றது அப்பத்தா.

எல்லா ரீமேக்கும் குப்பை என்று நான் சொல்லவில்லை. 1986-ல் வந்த 'தி ஃப்ளை' மாதிரி பழையதைத் தூக்கிச் சாப்பிட்டதும் உண்டு. ஆனால் நேற்று அந்த நியாயம் பேசும் நிலைமையில் நான் இல்லை.

சரி, போனது போகட்டும் என்று படுத்தேன். காலையில் மச்சான் சமாதானத்துக்கு வருகிறான். "இன்னிக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன், நீ குறை சொல்லவே முடியாது. ரெண்டையும் எடுத்தது ஒரே ஆளு." பார்த்தால் 'தி வானிஷிங்', 1993! ஜார்ஜ் ஸ்லூய்சர் 1988-ல் டச்சில் எடுத்த படத்தை ஹாலிவுட்டுக்காக அவரே திரும்ப எடுத்தார், அவரே அதன் கழுத்தை அறுத்தார். முதல் படத்தின் கடைசிப் பத்து நிமிடம் பார்த்து நான் இரண்டு ராத்திரி விளக்கு போட்டுத் தூங்கியவன். என்ன முடிவு என்று சொல்ல மாட்டேன், நான் மச்சான் இல்லை. ஹாலிவுட்டில் அந்த முடிவையே மாற்றி, எல்லாம் சுபம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அசல் நஞ்சை எடுத்துவிட்டுப் பேத்தை மீன் குழம்பு வைத்த கதை. மச்சானுக்கு இதெல்லாம் காதில் ஏறுமா? "நல்ல முடிவு இருந்தா நல்லதுதானே மாப்ள?"

பதிலுக்கு வாயைத் திறக்கிறேன், அடுப்படியிலிருந்து அப்பத்தா குரல்: "ஏன்டா, நேத்து படத்துல அந்தப் புள்ள பேப்பர்ல சுத்தி வச்ச காசு காரோட சேத்துல முங்குச்சுல்ல? காரை வெளிய எடுத்தா, அந்த நோட்டைப் பேங்க்ல மாத்திக் குடுப்பானா?"

ராத்திரி முழுக்க அதை யோசித்துக்கொண்டிருந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சானும் சிரிக்கிறான். அவன் சிரித்ததும் எனக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது. ஏனென்றால் அந்த முறுக்கு. உப்புக் காற்றில் மூடாத டப்பாவில் வைத்து விற்கிறான், கடித்தால் ஈரத் துணி மாதிரி இழுக்கிறது, ஒன்று எட்டு ரூபாய்!