கம்பி யார் கையில்?

அமெரிக்கா–சீனா போட்டி என்றதும் சிப், செயற்கை நுண்ணறிவு, 5ஜி என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். யார் முதலில் கண்டுபிடிப்பார்கள் என்பதிலேயே எல்லார் கண்ணும் இருக்கிறது. அதைவிடப் பெரிய கேள்வி, செய்தி போகிற பாதை யார் கையில் இருக்கிறது என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். கண்டம் விட்டுக் கண்டம் போகும் தரவு ஏறக்குறைய முழுவதும் இன்றும் கடலடிக் கேபிள் வழியாகத்தான் போகிறது. செயற்கைக்கோளின் பங்கு சொற்பம். இந்தப் பாதையை வைத்து நடக்கும் அரசியலுக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது. அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு.

1857 கிளர்ச்சி வெடித்த செய்தி லண்டனுக்குப் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரல்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தாக வேண்டும். 1870-ல் பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ் வழியாக இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் போர்த்கர்னோ வரை கேபிள் இணைப்பு வந்தது. 1871 தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது. இதற்காகச் சட்டம் எதுவும் மாறவில்லை, ஆனால் ஆட்சி நடக்கும் விதம் மாறிவிட்டது. 1875-ல் வைஸ்ராய் நார்த்புரூக், இறக்குமதித் துணிக்கு இருந்த 5 சதவீத வரியை எடுக்காமல் ஒரு சட்டம் போட்டார். இங்கே துணி அனுப்பிய இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த அமைச்சர் சாலிஸ்பரி, தன்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம் என்று சண்டைக்கு வந்தார். கப்பல் தபால் காலத்தில் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க முடியாது. நார்த்புரூக் 1876-ல் பதவி விலகினார். 1882-ல் வரியும் போயிற்று. நம் நெசவாளர்களின் வாழ்க்கையைத் தொடும் முடிவு, தந்தி வந்தபிறகு இன்னும் தூரத்துக்குப் போய்விட்டது.

அந்தக் கேபிள்களுக்கு உறையாகப் போட்ட கட்டாபெர்ச்சா, மலாயாப் பகுதிக் காடுகளில் மரங்களை வெட்டி எடுத்த பால். அந்த வியாபாரம் சிங்கப்பூர் வழியாகப் பிரிட்டன் கையில் இருந்தது. மூலப்பொருள், கேபிள் கப்பல், கம்பெனி, கரையேறும் இடம் என்று எல்லாமே ஒரே நாட்டிடம். 1902-ல் பசிபிக் கேபிளும் முடிந்தபோது, பிரிட்டிஷ் மண்ணை மட்டுமே தொட்டு உலகத்தைச் சுற்றிவரும் தந்திப் பாதை தயாராகிவிட்டது.

அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. 1914 ஆகஸ்ட் 5, போர் அறிவித்த மறுநாள் விடியற்காலை, அலர்ட் என்ற பிரிட்டிஷ் கேபிள் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் கேபிள்களைக் கொக்கி போட்டு இழுத்து அறுத்தது. இதற்கு ஜெர்மனியால் அதே அளவில் பதிலடி கொடுக்க முடியவில்லை. முயற்சி செய்தது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல். அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டனை நமக்குத் தெரியும். அது எங்கே, எதற்காகப் போய் அழிந்தது என்பதுதான் அதிகம் பேசப்படவில்லை. நவம்பர் 9 காலை இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகளில் ஒன்றான டைரக்‌ஷன் தீவின் கேபிள் நிலையத்தை அழிக்கத்தான் போனது. நிலைய ஊழியர்கள் கப்பலைப் பார்த்ததுமே, தெரியாத கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று தகவல் அனுப்பிவிட்டார்கள். கரையில் இறங்கிய சுமார் ஐம்பது மாலுமிகள் கம்பியில்லாத் தந்திக் கோபுரத்தைச் சாய்த்தார்கள், கருவிகளை உடைத்தார்கள், கேபிளைத் தேடி வெட்டினார்கள். அதற்குள் ஐம்பது கடல் மைல் தொலைவில் இருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்துவிட்டது. எம்டன் குண்டடிபட்டுப் பக்கத்துத் தீவில் கரைதட்டி நின்றது. தந்தி நிலையத்தைத் தேடிப் போன கப்பலைத் தந்தியே காட்டிக்கொடுத்தது.

சொந்தக் கம்பி இல்லாதவன் இன்னொருவன் கம்பியில் பேச வேண்டும். 1917 ஜனவரியில் ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன், மெக்சிகோவை அமெரிக்காவுக்கு எதிராகத் திருப்பும் ரகசியத் தந்தியை அமெரிக்கத் தூதரகத்தின் கேபிளிலேயே அனுப்பினார். அந்தக் கேபிள் லண்டன் வழியாகப் போனது. பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவு அதைப் பிடித்துப் படித்தது. அமெரிக்காவின் கேபிளையும் தாங்கள் ஒட்டுக்கேட்பது தெரியக்கூடாது என்பதால், மெக்சிகோ தந்தி அலுவலகத்தில் இன்னொரு பிரதியைச் சம்பாதித்து, அதைத்தான் வெளியே காட்டினார்கள். ஏப்ரல் 6-ல் அமெரிக்கா போரில் இறங்கியது.

இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியவில்லை. கடலடி ஒளியிழைக் கேபிள்களிலிருந்து பிரிட்டிஷ் உளவு அமைப்பு தரவை அள்ளுகிறது என்பதை 2013-ல் அமெரிக்க உளவு அமைப்புக்கு வேலை பார்த்த ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஹாங்காங்குக்குக் கூகுளும் பேஸ்புக்கும் சேர்ந்து போட்ட கேபிளின் ஹாங்காங் இணைப்புக்கு அனுமதி தர வேண்டாம் என்று 2020-ல் அமெரிக்க அரசின் குழு பரிந்துரைத்தது. கேபிள் தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் மட்டும் என்று ஆனது. 2023 பிப்ரவரியில் தைவானின் மாட்சு தீவுகளுக்குப் போகும் இரண்டு கேபிள்களும் ஒரு வார இடைவெளியில் அறுந்தன. சீன மீன்பிடிப் படகும் சரக்குக் கப்பலும்தான் காரணம் என்றது தைவான் தரப்பு. வேண்டுமென்றே செய்ததா என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் தீவுவாசிகள் வாரக்கணக்கில் ஒழுங்கான இணையம் இல்லாமல் தவித்தது உண்மை.

சரி, நாம்? இந்தியாவுக்கு வரும் கேபிள்களில் பெரும்பாலானவை மும்பை, சென்னை என்ற இரண்டே நகரங்களில் கரையேறுகின்றன. அறுந்தால் சரிசெய்ய வெளிநாட்டுக் கப்பல் வர வேண்டும். இதை மாற்ற வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-லேயே பரிந்துரைத்திருக்கிறது. சிப் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய் திட்டம் போட்டதை நான் வரவேற்கிறேன். அதில் மிகச் சிறிய பங்கு இருந்தால் போதும், சென்னையில் ஒன்று, மும்பையில் ஒன்று என்று நம் கொடியோடு இரண்டு பழுதுபார்க்கும் கப்பல்களை நிறுத்திவிடலாம். இதை நாடாளுமன்றத்தில் நம் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கேட்க வேண்டும். கேபிள் கரையேறுவது நம் கடற்கரையில்.