‘300 கோடி வசூல், 100 கோடி லாபம்’ என்ற கணக்கு தவறு

பெரிய நடிகரின் படம் வந்த வாரமே ஒரு போஸ்டர் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பட்ஜெட் 200 கோடி, வசூல் 300 கோடி, ஆகவே தயாரிப்பாளருக்கு 100 கோடி லாபம் என்கிறது. இது தவறு. இதை நம்பித்தான் பலர், படம் ஓடவில்லை என்பது வதந்தி என்று சண்டை போடுகிறார்கள்.

போஸ்டரில் இருப்பது மொத்த வசூல். நம் கையில் இருக்கும் டிக்கெட்டையே பாருங்கள். அடிப்படை விலை 150 ரூபாய் என்றால், 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் 27 ரூபாய். தமிழ்நாட்டில் உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி. வரி போன பிறகு தியேட்டர் தன் பங்கை எடுக்கும். இந்திப் படங்களுக்கு மல்டிபிளெக்ஸ்களோடு 2009இல் முடிவான ஒப்பந்தப்படி, விநியோகஸ்தருக்கு முதல் வாரம் 50 சதவீதம், இரண்டாம் வாரம் 42.5, அப்புறம் இன்னும் குறைவு. அதிலிருந்து விளம்பரச் செலவு, விநியோகஸ்தர் கமிஷன் எல்லாம் கழியும். ஆக, 300 கோடியில் பாதிகூட தயாரிப்பாளருக்கு வராது.

சரி, ஓடிடி, சாட்டிலைட் பணம்? அது உண்மையான வருமானம்தான். ஆனால் போஸ்டர் கணக்கில் அது இல்லையே.

கூட்டத்தைக் காட்டி ‘ஹிட்’ என்பதும் சரியல்ல. 2002இல் ரஜினிகாந்தின் ‘பாபா’வுக்கு இருந்த எதிர்பார்ப்பு சாதாரணமானதல்ல. அதிக விலைக்கு வாங்கிய விநியோகஸ்தர்கள் நஷ்டப்பட்டார்கள். ரஜினியே அவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.