மருந்துக்கு அடங்காத கிருமி அடுப்புக்கு அடங்கும்

சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'பிராய்லர் கோழியில் ஆன்டிபயாட்டிக்குக்குச் சாகாத கிருமி இருக்கிறது. வேகவைத்தாலும் சாகாது. மஞ்சள், கல்லுப்பு போட்டு மூன்று முறை கழுவினால்தான் போகும்.'

முதல் வரி மட்டும் சரி. கோழிக்கறியில் அத்தகைய ஈ.கோலி, சால்மோனெல்லா இருக்கக்கூடும். பண்ணைகளில் கண்டபடி மருந்து கொடுப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்; அதனால்தான் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கான விலங்குகளுக்காகத் தயாரிப்பதையும் விற்பதையும் 2019 ஜூலையில் இந்திய அரசு தடை செய்தது.

ஆனால் மருந்தை எதிர்ப்பது வேறு, சூட்டைத் தாங்குவது வேறு. துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் இந்தக் கிருமிகளும் சாகும். குழம்பில் இது எளிது. சிக்கன் 65-இல்தான் சிக்கல்: பெரிய துண்டு, மிகச் சூடான எண்ணெய், வெளியே சிவந்து எலும்பருகே பச்சையாக நின்றுவிடும். நிறப்பொடி வேறு கண்ணை ஏமாற்றும்.

மஞ்சளும் உப்பும் வாடையைக் குறைக்கும், கிருமியை ஒழிக்காது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் தெறிக்கும் நீர் பக்கத்துக் கொத்தமல்லிக்கட்டில் விழும். அதை யாரும் வேகவைப்பதில்லை. ரத்தம், இறகுத் துணுக்கு போகக் கழுவியே ஆகவேண்டுமென்றால், பாத்திரத்தில் நீர் நிரப்பிக் கறியை மெல்ல முக்கி எடுங்கள். பிறகு சிங்க், கத்தி, பலகை, கை எல்லாவற்றையும் சோப்பால் தேயுங்கள். வெங்காயப் பச்சடிக்குத் தனிப் பலகை வையுங்கள். ஃப்ரிட்ஜில் பச்சைக்கறி மூடிய டப்பாவில், கீழ்த்தட்டில் இருக்கட்டும்.

கறியில் தங்கும் மருந்து எச்சம் தனிப் பிரச்சினை. சூட்டில் அது முழுமையாக அழியும் என்று சொல்ல முடியாது. பண்ணையில்தான் தடுக்க முடியும்.