"அந்தக் காலத்துல ஃப்ரிட்ஜா இருந்துச்சு?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே எங்கள் வீட்டில் மத்தியானச் சோறும் சாம்பாரும் ராத்திரி வரைக்கும் சமையல் மேடையிலேயே கிடந்தன. கேட்ட ஆள் நான்தான். என் மனைவி மிச்சத்தை எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கப் போனால், "விடு, ராத்திரிக்குச் சாப்பிட்டுக்கலாம், எங்கம்மா இப்படி வச்சுத்தானே எங்களை வளர்த்தாங்க" என்பேன். போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு அந்த வசனம் நின்றது.

அன்றைக்கு அவள் ஊருக்குப் போயிருந்தாள். மத்தியானம் ஒரு மணிக்கு வடித்த சோற்றில் பாதி மிச்சம். தட்டைப் போட்டு மூடி மேடையிலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். ராத்திரி ஒன்பதரைக்குப் பையன் பசிக்குது என்றான். வெங்காயம், குடைமிளகாய், இரண்டு முட்டை, பத்தே நிமிடத்தில் ஃப்ரைட் ரைஸ். அதற்கு முன்னால் சோற்றை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. இரண்டு பருக்கையை விரலில் நசுக்கியும் பார்த்தேன், பிசுபிசுப்பு இல்லை. கடாயில் புகை வரும் அளவுக்குத்தான் வதக்கினேன். பதினொன்றரைக்கு அவன் வாந்தி எடுத்தான். பன்னிரண்டுக்கு என் முறை. விடியும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

காலையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டீங்க?" இரண்டாவது கேள்வி, "சோறு எத்தனை மணிக்கு வடிச்சது?" அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அரிசியோடு மண்ணிலிருந்து வருகிற ஒரு பாக்டீரியாவைப் பற்றிச் சொன்னார், பேசில்லஸ் சீரியஸ். சோறு கொதிக்கும்போது அது சாகிறது, ஆனால் அதன் வித்துகள் சாவதில்லை. சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சைக் கக்கும். மறுபடி சூடு பண்ணினால் பாக்டீரியா சாகலாம், நச்சு அப்படியே இருக்கும். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாத நச்சு அது. பிரஷர் குக்கருக்குள் ஏறும் சூடே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்புறம் என் கடாய்ப் புகை எந்த மூலைக்கு?

எனக்கு உறுத்தியது வேறொன்று. என் மூக்கு என்னைக் கைவிட்டது. நம் மூக்கைப் பற்றி நமக்கு ரொம்பப் பெருமை. கெட்டுப்போவதில்கூட நாம் வகை பிரித்து வைத்திருக்கிறோம். சாம்பார் ஊசிப்போகும், பால் திரியும், மாவு புளித்துப்போகும், ரொட்டியில் பூசணம் பூக்கும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், பழைய முறுக்கு காறும், வடை நூல் விடும். இவ்வளவு சொல் வைத்திருக்கிற நாம், ஊசாமல், திரியாமல், நூல் விடாமல் கெட்டுப்போன சோற்றுக்கு ஒரு சொல்லும் வைக்கவில்லை.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அனுதாபம் வரும் என்று நினைத்தேன். "மத்தியானச் சோத்தை மூடி வச்சுட்டுத் தூங்குனியா? நான் எப்படா அப்படி வச்சேன்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். எங்கள் பழைய வீட்டு அடுப்படியில் கறுப்புக் கடப்பாக்கல் மேடை. அதன்மேல் எப்போதும் எதாவது இருந்துகொண்டே இருக்கும். ஆனால் எதுவும் சும்மா இருக்காது. ராத்திரி மிஞ்சிய சோறு ஆறியதும் தண்ணீருக்குள் போய்விடும், காலையில் லேசாகப் புளித்த பழைய சோறு, எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். மத்தியானம் மிஞ்சினால் மாட்டுக்குப் போகும் அல்லது பக்கத்து வீட்டுக்குப் போகும். ராத்திரிக்கு வேறு உலை. தேங்காய் அரைத்து விட்ட குழம்பென்றால் "சாயங்காலம் தாங்காது" என்று முதலில் அதைத்தான் தீர்க்கச் சொல்வாள். புளிக்குழம்பும் மீன் குழம்பும் மட்டும் மறுநாளைக்கு. அதற்கும் ஒரு முறை உண்டு. எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் மண்சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கி, கரண்டியை எடுத்துவிட்டு, வாயில் துணியைக் கட்டி வைப்பாள். தட்டு போட்டு மூடினால் ஆவி வேர்த்துக் குழம்பில் சொட்டும், சொட்டினால் ஊசும். அதற்குப் பிறகு காலைவரை யாரும் சட்டியைத் தொடக் கூடாது. கொதியில் செத்தவை போக மிச்சமிருப்பவற்றைப் புளி அடக்கி வைக்கும். புதிதாக எதுவும் உள்ளே விழாமல் துணி பார்த்துக்கொள்ளும்.

பால் இன்னும் அழகு. காய்ச்சிய பாலை வரட்டித் தணலில் மத்தியானம் முழுக்க வைத்திருப்பாள். கொதிக்காது, ஆறவும் ஆறாது. சாயங்காலம் செம்பழுப்பாக ஆடை கட்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் பாதுகாப்பான உணவுக்கு ஐந்து வழிகள் என்று ஒன்று வெளியிட்டது. சமைத்த உணவு சூடாக இருந்தால் 60 டிகிரிக்கு மேலே இருக்கட்டும், குளிரில் இருந்தால் 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும், இரண்டுக்கும் நடுவில் அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. தணலில் பாலை வைத்தவள் தெர்மாமீட்டரைக் கண்டதில்லை. ஆனால் அந்த நடுவில் பாலை விடக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டது மேடையை மட்டும்தான். அதன்மேல் அவள் செய்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. என்னைப் போல "அந்தக் காலத்துல" என்று ஆரம்பிக்கிற எல்லோரும் இதைத்தான் செய்கிறோம் என்று நினைக்கிறேன். அவர்கள் வெளியே வைத்தது ஒரு வேலை. நாம் வெளியே வைப்பது ஒரு மறதி.

கட்டுச்சோற்றைப் பாருங்கள். ரயில் பயணத்துக்குப் புளிசாதம்தான் கட்டுவார்கள், தேங்காய்சாதம் கட்ட மாட்டார்கள். புளியும் நல்லெண்ணெயும் உப்பும் சேர்ந்த புளிக்காய்ச்சல் நாள்கணக்கில் நிற்கும், தேங்காய் அரை நாள் நிற்காது. தயிர்சாதம் கட்டும்போது இன்னும் நுட்பம். குழைந்த சோற்றில் பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி. மத்தியானம் பொட்டலத்தைப் பிரிக்கும்போது உறைந்து தயிர்சாதமாகியிருக்கும். புளிப்பு அதிகமாகக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். ஆனால் வண்டியில் போகும் நேரம் முழுக்க நல்ல பாக்டீரியா உள்ளே வேலை பார்த்துக்கொண்டே வருகிறது, கெட்டதற்கு இடம் கிடைப்பதில்லை. புளிசாதமும் கொஞ்ச நேரம் தாங்குமே தவிர, அதையும் அளவில்லாமல் நம்பக் கூடாது. கூட்டமாகச் சுற்றுலா போகிறவர்கள் காலை நாலு மணிக்கு அண்டாவில் கிளறிய வெஜிடபிள் பிரியாணியை மத்தியானம் இரண்டு மணிக்குப் பரிமாறுவதைப் பார்த்தால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியாகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா வீட்டு ஃப்ரிட்ஜைத் துடைத்துத் திறந்து போட்டிருந்தாள். மேடையில் கருவாடு, வத்தல், ஊறுகாய் ஜாடி, சுண்டிப்போன பூண்டுக் குழம்பு. சாப்பாட்டுக்குக் குறை இல்லை. தென்னை போனதைப் பற்றித்தான் பேச்செல்லாம். அங்கே பழைய முறை ஜெயித்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஜெயித்தவை எல்லாமே உப்பிலும் புளியிலும் வெயிலிலும் ஏற்கெனவே பாடம் பண்ணியவை. மத்தியானச் சோறு அந்த வரிசையில் இல்லை.

சரி, எல்லாவற்றையும் எடுத்து உள்ளே அடைத்துவிடலாமா என்றால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இட்லி மாவு வெளியேதான் இருந்தாக வேண்டும். உளுந்தோடு வருகிற லியூகோநாஸ்டாக் என்கிற பாக்டீரியாதான் மாவைப் பொங்க வைக்கிறது, அதற்குச் சூடு வேண்டும். சென்னை மே மாதத்தில் ஆறு மணி நேரம் போதும், மார்கழியில் ராத்திரி முழுக்க வேண்டும். இதைத் தெரியாமல் மே மாதத்தில் ராத்திரி ஒன்பதுக்கு வைத்துவிட்டுப் படுத்தால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். மூடியைத் தூக்கிக்கொண்டு மாவு வழிந்து, மேடையில் ஓடி, மிக்ஸியின் அடியில் புகுந்து, காய்ந்து ஒட்டிக்கொண்டது. பழைய பல்துலக்கியை வைத்துச் சுரண்டினேன். பொங்கியதும் உள்ளே வைக்க வேண்டும், அதற்கு முன் அல்ல, ரொம்பப் பின்னும் அல்ல.

தக்காளியும் வெளியே இருக்கலாம். 2016-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுத்த தக்காளியை ஒரு வாரம் 5 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள். மணம் தரும் பொருள்கள் வெகுவாகக் குறைந்தன, வெளியே எடுத்து வைத்தும் முழுதாகத் திரும்பவில்லை. ரசத்துக்குப் போகிற தக்காளியைக் குளிரில் போடுவானேன்? வாழைப்பழம் உள்ளே வைத்தால் தோல் கறுக்கும். வெங்காயம் கூடையில் காற்றாட இருக்கட்டும். உருளைக்கிழங்கு மட்டும் வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பச்சை ஏறினால் சோலனைன் என்கிற நச்சும் ஏறியிருக்கும் என்று அர்த்தம், அது வேகவைத்தாலும் போகாது.

பலரும் கவனிக்காதது உப்பும் எண்ணெயும். அடுப்புக்குப் பக்கத்தில், ஆவி அடிக்கிற இடத்தில், மூடாத கிண்ணத்தில் தூள் உப்பு. பாட்டி ஜாடியில் கல்லுப்பு வைத்திருந்தாள், அதில் போவதற்கு அயோடின் ஒன்றுமில்லை. சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பையே விற்க வேண்டும் என்று 2006-இல் மறுபடி சட்டம் வந்தது. காசு கொடுத்து அதை வாங்கி, ஈரத்திலும் சூட்டிலும் திறந்து வைத்தால் அந்த அயோடின் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகும். எண்ணெயும் அப்படித்தான். ஜன்னல் வெயிலில் கண்ணாடி பாட்டிலில் மின்னுகிற சூரியகாந்தி எண்ணெய் பார்க்க லட்சணம், ஆனால் வெளிச்சமும் அடுப்புச் சூடும் அதைச் சீக்கிரம் சிக்குப்பிடிக்க வைக்கும். நல்லெண்ணெய் கொஞ்சம் கெட்டிக்காரி, அதிலேயே இருக்கிற செசமோலின் போன்ற பொருள்கள் அதைக் காப்பாற்றுகின்றன.

இன்னொரு பக்கம் ரீல்ஸ் மேடைகள். வெள்ளைக் கல், ஒரு செடி, ஒரு பழக்கூடை, அவ்வளவுதான். அஞ்சறைப்பெட்டிகூடக் கண்ணில் படாது. அந்த மேடையில் யாரும் தாளிக்கிறதாக எனக்குத் தெரியவில்லை. தினம் மூன்று முறை எடுக்கிற கடுகை ஏன் அலமாரியின் மூன்றாவது தட்டுக்கு அனுப்ப வேண்டும்? மேடையில் சாமான் இருப்பது அழுக்கில்லை. நம் வீட்டில் சமைக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதில் வசதியாக நாம் மறக்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று வேளைக்கும் சேர்த்து ஆக்கிவைத்துவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற பெண்ணிடம் போய் இரண்டு மணி நேரக் கணக்கு பேசினால் கரண்டி பறக்கும். நியாயம்தான். என் அம்மா தணலுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இருந்தாள், அதனால் அந்த முறை நடந்தது. இப்போது வீட்டில் ஆள் இல்லை. ஆகவே கடைசியாகச் சாப்பிட்டு எழுந்தவர் மிச்சத்தை எடுத்து வைக்கட்டும் என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருக்கிறது. பெரும்பாலும் கடைசியாக எழுவது நான்தான்.

அப்படி எடுத்து வைக்கும்போதுதான் இன்னொரு தப்பும் தெரிந்தது. "சூடா ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாது" என்று ஆற வைத்து ஆற வைத்தே மறந்துபோகிறோம். குக்கரோடு ஒரு பெரிய பாத்திரச் சோறு நடுவில் ஆறப் பல மணி நேரம் எடுக்கும். அகலமான டப்பாக்களில் பரப்பினால் அரை மணியில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடுகிறது, நேராக உள்ளே. அதிலும் வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் வெளியே ஒரு மணி நேரம்தான் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. சென்னையில் சித்திரை மாதத்து அடுப்படி 32-இல் எப்போது இருந்தது?

போன வாரம் அம்மா வந்திருந்தாள். ராத்திரி பருப்பு சாம்பார் மிஞ்சியது. நான் டப்பாவை எடுத்தேன், அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். "கொதிக்க வச்சு வச்சா போதும்டா." "தேங்காய் போடலையே, ஆனா பருப்பு நிறைய இருக்கேம்மா, புளி கம்மி." கொஞ்ச நேரம் யோசித்தாள். கொதிக்க வைத்தாள். ஆறியதும் டப்பாவில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள், வாயில் துணியைக் கட்டி.