"ஓம்" என்பதெல்லாம் ஒப்புதலா?

சில ஆண்டுகளுக்கு முன் சிட்னியில் ஒரு விசாரணையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவருக்கு உரைபெயர்ப்பாளராக இருந்தேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் கேள்வியை நான் தமிழில் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் தலையை ஆட்டி "ஓம், ஓம்" என்றார். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கோ என்பதற்கு நம்மவர் சொல்லும் "ஓம்" அது. சட்டத்தரணியோ சாட்சி ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார். நான் அனுமதி கேட்டு, அது பதில் அல்ல, கேள்வியே இன்னும் அவரிடம் போய்ச் சேரவில்லை என்று விளக்க வேண்டியிருந்தது. நீதிபதிகளுக்கும் நீதிமன்ற ஊழியர்களுக்கும் பூர்வகுடிப் பண்பாட்டுப் பயிற்சி எதற்கு என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த "ஓம்"தான் நினைவுக்கு வருகிறது.

அந்த அம்மாவுக்கு நான் இருந்தேன். ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்பதனாலேயே அவர்கள் பக்கத்தில் பெரும்பாலும் உரைபெயர்ப்பாளர் யாரும் இருப்பதில்லை. ஆனால் அவர்களுடைய ஆங்கிலத்தின் நடையும் பொருளும் பல இடங்களில் வேறானவை. அதிகாரத்தில் உள்ளவர் அடுக்கடுக்காகக் கேட்கும்போது, விளங்கினாலும் விளங்காவிட்டாலும், இந்தத் தொல்லை முடிந்தால் போதும் என்று "ஆமாம்" சொல்லிவிடும் போக்கு அவர்களிடையே நன்கு பதிவானது. 1994இல் பிரிஸ்பேனில் 12, 13, 14 வயதுடைய மூன்று பூர்வகுடிச் சிறுவர்களை ஆறு போலீசார் இரவில் காரில் ஏற்றி, 14 கிலோமீட்டருக்கு அப்பால் பிங்கென்பா என்ற ஆளரவமற்ற தொழிற்பேட்டைப் பகுதியில் விட்டுவிட்டு வந்தார்கள். போலீசார்மீது வழக்கு வந்தது. குறுக்கு விசாரணையில் அந்தச் சிறுவர்களிடமிருந்து வரிசையாக "ஆமாம்"கள் பெறப்பட்டன. அவர்கள் தங்கள் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள் என்பதை ஏற்காத நீதவான் வழக்கைத் தள்ளுபடி செய்தார். மொழியியலாளர் டயானா ஈட்ஸ் அந்த விசாரணையை வரிவரியாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இது அப்போதுதான் தெரியவந்த சங்கதியும் அல்ல. 1976இலேயே நார்தர்ன் டெரிட்டரி உச்ச நீதிமன்றத்தில், அனுங்கா வழக்கில், நீதிபதி ஃபார்ஸ்டர் பூர்வகுடியினரைப் போலீஸ் விசாரிக்கும் முறைக்கு விதிகள் வகுத்தார். மௌனமாக இருக்கும் உரிமையைச் சொல்லிவிட்டு "விளங்கியதா?" என்று கேட்டு ஓர் "ஆமாம்" வாங்கிக்கொண்டால் போதாது, சொன்னதன் பொருளைத் துண்டு துண்டாக அவரையே திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

காவலில் இறந்த 99 பூர்வகுடியினரைப் பற்றி விசாரித்த அரச ஆணைக்குழு 1991இல் 339 பரிந்துரைகளைத் தந்தது. 96ஆவது பரிந்துரை, நீதிபதிகளும் நீதிமன்றப் பணியாளர்களும் பூர்வகுடிச் சமூகத்தையும் அதன் வழக்கங்களையும் பற்றிய பயிற்சியில் கலந்துகொள்ள "ஊக்குவிக்கப்பட வேண்டும்" என்கிறது. என் மனத்தாங்கல் அந்த ஒரு சொல்லில்தான். ஊக்குவித்தால் வருபவர்கள் ஏற்கெனவே காது கொடுப்பவர்கள். வர வேண்டியவர்களோ வேலை அதிகம் என்பார்கள். 1991இல் நாட்டின் கைதிகளில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் பூர்வகுடியினர். மக்கள்தொகையில் 4 விழுக்காட்டைக்கூட எட்டாத அவர்கள் இன்று கைதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். பயிற்சி ஒன்றால் இது மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை; வறுமையும் பிணைச் சட்டங்களும் போலீசின் கெடுபிடியும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஆனாலும் சிறைக்குப் போகும் வழி நீதிமன்றத்துக்குள்ளால்தான் போகிறது.

நியூ சவுத் வேல்ஸில் நீதித்துறை ஆணையம் நடத்தும் இப்பயிற்சியின் பெயர் "ஙாரா யூரா". (தமிழில் சொல்லின் முதலில் அனேகமாக வராத ங இங்கே கம்பீரமாக முன்னால் நிற்கிறது.) சிட்னிப் பகுதியின் பூர்வகுடி மொழியில் ஙாரா என்றால் கேட்பது, யூரா என்றால் மக்கள். நீதிபதிகளைப் பூர்வகுடிச் சமூகங்களுக்கே அழைத்துச் செல்வதும் இதில் உண்டு. அது நல்ல முறை. ஓவியமும் நடனமும் பார்த்து ஒரு காலைப்பொழுதை முடித்துக்கொள்ளும் பயிற்சிகளில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணைப் பார்க்காமல் பேசுவது மரியாதையாக இருக்கலாம், கள்ளத்தனம் என்று எழுதிவிடக் கூடாது. பதிலுக்கு முன் வரும் நீண்ட மௌனம் யோசனையாக இருக்கலாம். சிறுவயதில் வந்த காதுநோயால் செவிப்புலன் குறைந்தவர் முரடராகத் தோன்றலாம். வட ஆஸ்திரேலியப் பூர்வகுடியினர் பலர் பேசும், ஆங்கிலம் கலந்து பிறந்த கிரியோல் மொழியில் "கிலிம்" என்பது அடிப்பதையும் குறிக்கும், கொல்வதை மட்டும் அல்ல. நம் வீடுகளில் "கொன்னுபோடுவன்" என்று பிள்ளையை அதட்டாத தாய் யார்? இவற்றைப் பழைய வழக்குப் பதிவுகளை வைத்துக்கொண்டு, நீதிபதியிலிருந்து கருமபீட ஊழியர்வரை எல்லோருக்கும், கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும்.

கட்டாயம் என்றால் நீதித்துறையின் சுதந்திரம் போய்விடும் என்பவர்கள் உண்டு. இப்படித் தீர்ப்புச் சொல் என்று கட்டளையிடுவதுதான் சுதந்திரத்தில் தலையிடுவது. சாட்சி சொன்னது என்ன என்று சரியாகக் கேட்கப் பழக்குவது அப்படி ஆகாது.

ஊழியர்களைச் சேர்த்துச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒருநாள் என் முறைக்காக ஒரு நீதிமன்ற முகப்பில் காத்திருந்தேன். பூர்வகுடி இளைஞர் ஒருவருக்குப் பிணை நிபந்தனைகளை ஊழியர் மளமளவென்று வாசித்து, "விளங்கியதா?" என்றார். "ஆம்." கையெழுத்து முடிந்தது. இரண்டு நிமிடத்துக்குள் அந்த இளைஞர் வாசலில் என்னிடம் தாளை நீட்டி, எந்த நாளில் திரும்பி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டார்.