அது அலெக்சாண்டர் முகம் அல்ல

பழங்காலக் கிரேக்கக் காசு ஒன்றைப் பற்றி ஒருவர், 'சிங்கத்தோல் போர்த்திய தலை அலெக்சாண்டருடையது, பெயரும் இருக்கிறது, ஆகவே அவர் காலத்துக் காசு' என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை. இதை நம்பிக் கூடுதல் விலை கொடுத்து ஏமாறுபவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

அந்தத் தலை கிரேக்கப் புராண வீரர் ஹெராக்ளிஸ். அலெக்சாண்டரின் தாத்தா மூன்றாம் அமின்டாஸ் வெளியிட்ட காசுகளிலேயே சிங்கத்தோல் ஹெராக்ளிஸ் உண்டு. மாசிடோனிய அரச குலம் தன்னை அவர் வழிவந்ததாகவே சொல்லிக்கொண்டது. அலெக்சாண்டரின் முகத்தைத் தேடுபவர்கள், அவர் இறந்தபின் திரேஸ் பகுதியை ஆண்ட லைசிமாக்கஸின் காசைப் பாருங்கள்: காதைச் சுற்றி வளையும் ஆட்டுக்கொம்பு, மேல்நோக்கிய கண். அருமையான வேலைப்பாடு!

பெயரை வைத்தும் காலம் சொல்ல முடியாது. கி.மு. 323-ல் அலெக்சாண்டர் இறந்த பிறகும், ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் பல நகரங்கள் அவர் பெயரிலேயே காசு அடித்தன. காசின் பின்பக்கம் அமர்ந்திருக்கும் கிரேக்கக் கடவுள் சூஸின் (ஜீயஸ்) கால்களைக் கவனியுங்கள். அலெக்சாண்டர் வாழ்நாளில் அடித்த காசுகள் பெரும்பாலானவற்றில் இரு கால்களும் இணையாக இருக்கும்; பிற்காலத்தில் ஒரு கால் பின்னிழுத்துக் குறுக்கே போகும். விதிவிலக்குகள் உண்டு. அக்கசாலைக் குறிகளையும் (காசு அடித்த இடத்தைக் காட்டும் அடையாளங்கள்) பார்த்த பிறகே காலத்தை முடிவு செய்யுங்கள்.