பூந்தொட்டி வைக்கவா பியானோ?

"பியானோ எங்களிடமே இருக்கு, வந்து வாசிச்சா போதும்." தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து உணவக முதலாளிகள் ஜாஸ் இசைக்காரர்களிடம் இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. மூடி மேல் பூந்தொட்டி, பீர் கிளாஸ் வைத்த வட்டக் கறை, தலைக்கு நேர் மேலே ஏசி. அதற்குப் பெயர் பியானோவா ஐயா?

இது கடற்கரை ஊர். கோடையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும். பியானோ கேட்பது 40 முதல் 60 வரை. ஈரம் ஏறினால் சவுண்ட்போர்டு, அதாவது கம்பியின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகை, உப்பிச் சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். நடு ஸ்தாயி ஒரு பக்கம், மேல் ஸ்தாயி ஒரு பக்கம் என்று பிய்த்துக்கொண்டு போகும். உள்ளே கட்டைகளுக்கான ஃபெல்ட் துணி உப்பினால் அழுத்திய கட்டை மேலே வராது. மாலையில் ஏசி போட்டு, கடை மூடியதும் அணைத்தால் அந்த மரம் தினமும் சுருங்கி விரிகிறது.

வருஷத்துக்கு இரண்டு ட்யூனிங்காவது வேண்டும். பல வருஷம் போட்டுவிட்டு, கச்சேரி அன்று மதியம் ட்யூனரைக் கூப்பிட்டுப் பயனில்லை. கம்பிகளின் மொத்த இழுவிசை சுமார் 18 டன். கால் சுரம் இறங்கியதை ஒரே மூச்சில் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதிக்கு ஏற்றினால் நிற்காது. சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். "சாக்ஸபோன்காரர் தன் சுருதியை இறக்கிக்கொள்ளட்டுமே" என்கிறார்கள். வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸை அவ்வளவு வெளியே இழுத்தால் சாக்ஸபோனின் சுரங்களே ஒன்றோடொன்று சேராது.

ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பாஸின் கதி இன்னும் மோசம். அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பியசோ பிக்கப்புக்குக் குறைந்தது 1 மெகா ஓம் மின்தடை உள்ள இன்புட் வேண்டும். நேராக மிக்சரின் லைன் இன்புட்டில் சொருகினால் கீழ்ச் சுரங்கள் காணாமல் போய் மூக்கடைத்த சத்தம்தான் வரும். உடனே யாராவது பாஸ் குமிழைத் திருகுவார், ஹால் முழுக்க ஊளை. பிக்கப்புக்கும் மிக்சருக்கும் நடுவே கைக்குள் அடங்கும் ஒரு ப்ரீஆம்ப் பெட்டி போதும். அதை வாங்க மனசில்லை; சுவரில் மாட்ட இன்னொரு டிவிக்கு மட்டும் காசு இருக்கிறது.

பழைய விக்டோரியா தெருவில் நம்மவர் நடத்திய குட்வில் லவுஞ்ச் என்ற உணவகத்தில் ஜாஸ் முழங்கிய ஊர் இது. அமெரிக்க பியானோ கலைஞர் டேரியஸ் ப்ரூபெக் 1983இல் வந்து இங்கே பல்கலைக்கழகத்தில் ஜாஸ் படிப்பைத் தொடங்கினார்; ஜாஸ் மையம் 1989இல் வந்தது. சாக்ஸபோன் கலைஞர் ஜிம் எங்கவானா படித்த இடம். பட்டம் வாங்கிய பிள்ளைகள் கேம்பஸை விட்டு வெளியே வந்தால் வாசிக்க இடமில்லை, ஜோகன்னஸ்பர்க்குக்குப் பஸ் ஏறுகிறார்கள். முதலாளிகளோ "ஜாஸுக்குக் கூட்டம் வருவதில்லை" என்று சொல்லி, லேப்டாப்பில் ட்ராக் போட்டுப் பாடும் ஒருவரோடு முடித்துக்கொள்கிறார்கள். சுருதி சேராத பியானோவையும் ஊளையிடும் பாஸையும் கேட்கக் காசு கொடுத்து எவர் வருவார்?

போதாக்குறைக்கு வாசல் வசூலில் பங்காம். டிக்கெட்டை எண்ணுவது அவர்கள், ஸ்பீக்கர் வாடகையைக் கழிப்பதும் அவர்கள். மிச்சத்தை நாலு பேர் பிரித்தால் பெட்ரோலுக்கே காணாது. ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். பியானோவை ஏசிக் காற்று படாத உள்சுவரோரம் நகர்த்துங்கள். நகர்த்தி இரண்டு வாரம் கழித்து ட்யூனரைக் கூப்பிடுங்கள். சவுண்ட் செக்குக்கு முக்கால் மணி நேரம் விடுங்கள், அந்த நேரத்தில் டிவியை அணையுங்கள். பூந்தொட்டியை இன்றைக்கே எடுங்கள்.